ஆவணக் குழுத் தலைவர் சமூகத்துக்கு

அனுப்புநர்
சம்பளப் பட்டியல் மென்பொருளைப் பயன்படுத்தியே தீர வேண்டியவர்கள்.

பெறுநர்
உயர்திரு தலைவர் அவர்கள்,
ஆவணமாக்கல் குழு.

பொருள்: ஆவண இணையதளம் – எம்கேடாக்ஸ் கருவி கொண்டு அமைத்தல் – அமைத்தது – ஆவணம் எழுதாமல் விட்டது – தொடர்பாக.

பார்வை: 'ஆவணப் பணி முழுமை பெற்றது' என்னும் குழுவின் சுற்றறிக்கை.

ஐயா,

எம்கேடாக்ஸ், பைத்தானில் எழுதப்பட்ட கட்டற்ற கருவி. மார்க்டவுன் முறையில் எழுதிய கோப்புகளை வாங்கிக்கொண்டு அவற்றை இணையதளமாக்கித் தருவது அதன் வேலை. 'பிப்' மூலம் நிறுவிய பின், டெர்மினலில் 'எம்கேடாக்ஸ் நியூ' என்று தட்டி ஒரு பெயரும் கொடுத்தால், அந்தப் பெயரில் கோப்புறை உருவாகும். உள்ளே இருப்பவை இரண்டே கோப்புகள்: எம்கேடாக்ஸ்.ஒய்எம்எல் என்னும் அமைவுக் கோப்பு. 'டாக்ஸ்' கோப்புறைக்குள் இண்டெக்ஸ்.எம்டி என்னும் முகப்புப் பக்கம். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும் இப்பணிக்குக் குழு ஒரு காலாண்டு எடுத்துக்கொண்டு, முடிவில் கேக் வெட்டியதாகத் தெரிகிறது. கருவியின் அவசரத்துக்கு இடங்கொடாத அந்த நிதானம் பாராட்டுக்குரியது.

அமைவுக் கோப்பில் கருவி தானாக எழுதி வைப்பது 'சைட் நேம்: மை டாக்ஸ்' என்ற ஒரே வரி. முகப்பில் 'வெல்கம் டு எம்கேடாக்ஸ்' என்ற தலைப்பும், அதன் கீழ் கருவியின் கட்டளைகளும் இருக்கும். இவை அழித்து எழுதுவதற்கென்றே வைக்கப்பட்டவை. குழு ஓர் எழுத்தையும் கலைக்கவில்லை. ஆகவே, தவறாகப் பதிவான விடுப்பைத் திருத்தும் வழி தேடி வருபவருக்கு, புதிய ஆவணத் தளம் தொடங்கும் வழி கிடைக்கிறது. ஊழியர்கள் சிலர் அதைப் படித்துச் சொந்தத் தளமே தொடங்கிவிட்டனர். விடுப்புதான் இன்னும் திருந்தவில்லை.

பக்கங்களின் வரிசையை அமைவுக் கோப்பில் 'நேவ்' என்ற பகுதியில் எழுத வேண்டும். ஒய்எம்எல் கோப்பில் வரிகளை உள்ளே தள்ள ஸ்பேஸ்தான் தட்டலாம், டேப் செல்லாது. உறுப்பினர் ஒருவர் டேப் தட்டியதில் தளம் எழவில்லை. குழு கூடி ஆலோசித்து, நேவ் பகுதியையே நீக்கியது. நேவ் இல்லையென்றால் கருவி முகப்பை முதலில் வைத்து, மற்றவற்றைக் கோப்புப் பெயரின் அகரவரிசையில் அடுக்கும். ஆங்கில வரிசைப்படி 'எரர்ஸ்' முதலிலும், 'இன்ஸ்டால்' அடுத்தும், 'லாகின்' கடைசியிலும் நிற்கின்றன. பிழையைப் பார்த்த பிறகே நிறுவுதலுக்குப் போக முடிகிறது. நடைமுறையும் அதுவே என்பதால் இதில் பெரிய ஆட்சேபணை இல்லை. மூன்று பக்கங்களிலும் தலைப்புக்குக் கீழே 'விரைவில்' என்ற சொல்லும் ஓர் உதவி எண்ணும் மட்டும் உள்ளன.

'எம்கேடாக்ஸ் சர்வ்' என்ற கட்டளை, எழுதுபவர் தம் கணினியிலேயே தளத்தைப் பார்த்துக்கொள்வதற்கானது. முகவரி 127.0.0.1, போர்ட் 8000. எந்தக் கணினியில் தட்டினாலும் 127.0.0.1 அந்தக் கணினியையே குறிக்கும். முதல் சுற்றறிக்கையில் எல்லாக் கிளைகளுக்கும் அனுப்பப்பட்டது இந்த முகவரிதான். ஒவ்வொரு கிளையும் தன்னைத்தானே தட்டிப் பார்த்து, தன்னிடம் ஒன்றுமில்லை எனத் தெளிந்தது. பின்னர் தளம் சர்வரில் ஏற்றப்பட்டது, தெளிவில் மாற்றமில்லை.

ஏற்றுவதற்கு முன் 'எம்கேடாக்ஸ் பில்ட்' கட்டளை 'சைட்' என்ற கோப்புறையில் எச்டிஎம்எல் பக்கங்களை உண்டாக்கும். ஒவ்வொரு முறையும் அங்கிருந்த பழையவற்றைத் துடைத்துவிட்டே புதியவற்றை வைக்கும். அதனால் எந்தத் திருத்தமும் 'டாக்ஸ்' கோப்புறையில் உள்ள மூலத்தில்தான் செய்யப்பட வேண்டும். குழுவோ பக்கங்களில் உள்ள உதவி எண்ணை 'சைட்' கோப்புறையில் திருத்துகிறது. அடுத்த பில்டில் பழைய எண் திரும்பி வருகிறது. அந்த எண்ணுக்குரியவர் ஓய்வுபெற்றுவிட்டார். ஆயினும் போனை எடுத்துப் பதில் சொல்பவர் அவர் ஒருவரே.

ஒரு பக்கம் இல்லாத இன்னொரு பக்கத்துக்கு வழிகாட்டினால், பில்ட் எச்சரிக்கை மட்டும் தரும். கட்டளையுடன் 'ஸ்ட்ரிக்ட்' என்ற தெரிவைச் சேர்த்தால் வேலையையே நிறுத்திவிடும். குழு அதைச் சேர்ப்பதில்லை. எச்சரிக்கைகள் திரையில் மேலே ஓடி மறைகின்றன. மறைந்தவை தீர்க்கப்பட்டவையாகக் கணக்கில் ஏறுகின்றன.

எனவே, முகப்பை அழித்து எழுதவும், நேவ் பகுதியை ஸ்பேஸ் தட்டி மீட்கவும், திருத்தங்களை மூலத்தில் செய்யவும், ஸ்ட்ரிக்ட் இன்றி பில்ட் செய்வதில்லை என முடிவெடுக்கவும் கோரப்படுகிறது. கருவியின் உதவிப் பட்டியலில் ஆவணத்தை எழுதித் தரும் கட்டளை ஏதும் இல்லை. ஆகவே, இம்மென்பொருளை ஒருமுறையேனும் பயன்படுத்திய ஒருவரை அதற்கு நியமிக்க வேண்டும் என்றும், அவர் எழுதி முடிக்கும்வரை பார்வையில் கண்ட சுற்றறிக்கையை நிறுத்தி வைக்க வேண்டும் என்றும் பணிவுடன் கேட்டுக்கொள்ளப்படுகிறது.

இப்படிக்கு,
பயனாளர்கள்

நகல்: பழைய உதவி எண்ணில் பதில் சொல்லி வரும் ஓய்வுபெற்ற அலுவலர் அவர்களுக்கு, நன்றியுடன்.