கன்னத்தில் ஒரு வழக்கு

கே: ஆறு மாதத்தில் நான்கு ஷேவிங் சோப்பு மாற்றிவிட்டேன். எரிச்சல் மட்டும் மாறவில்லை. குற்றவாளி யார்?
– கன்னம் சிவந்தவர், காரைக்குடி

ப: சோப்பைக் கூண்டில் ஏற்றிவிட்டு பிளேடை ஏன் வெளியே விட்டீர்கள்? இரண்டும் சேர்ந்துதான் கன்னத்தில் இறங்குகின்றன. அடித்தது எது என்று கன்னத்துக்கே தெரியாது. பிரித்து வைத்து விசாரியுங்கள். முழங்கைக்குக் கீழே உள்பக்கத்தில் நுரையைப் பூசி, ஷேவ் செய்ய ஆகும் நேரம் விட்டுக் கழுவுங்கள். தினம் இரண்டு வேளை, ஒரு வாரம். பிளேடு அந்தப் பக்கமே வரக்கூடாது. கையில் ஒன்றும் ஆகவில்லையா? சோப்பு பெரும்பாலும் நிரபராதி. மழுங்கிய பிளேடு, ஒரே இடத்தில் நான்கு இழுப்பு, பேப்பர் படித்துக்கொண்டே காயவிட்ட நுரை என்று விசாரணையைத் திருப்புங்கள்.

கையிலும் சிவந்தால், எப்போது சிவந்தது என்று பாருங்கள். பூசியதும் சுரீரென்று எரிந்து, கழுவிய சில மணி நேரத்தில் அடங்கினால் அது வெறும் எரிச்சல். சோப்பு என்றாலே காரம்தான். பி.எச். கணக்கில் 9, 10 என்று நிற்கும். தோலின் மேற்பரப்போ 5-ஐ ஒட்டிய லேசான அமிலம். அப்படியில்லாமல், ஒன்றிரண்டு நாள் கழித்து அரிப்பும் தடிப்புமாகக் கிளம்பி, போக மனமில்லாமல் உட்கார்ந்துவிட்டால் அது ஒவ்வாமை. “பத்து வருஷமா இதே சோப்புதானே?” என்று வாதாடாதீர்கள். ஒவ்வாமை பழகிய ஆளிடம்தான் வரும். முன்பின் பார்த்திராத ஒன்றைத் தோல் எப்படி வெறுக்கும்?

கே: மூலிகை எண்ணெயில் கையால் செய்த சோப்பு, மகன் ஆன்லைனில் வாங்கித் தந்தான். லாவெண்டர் கமகமக்கிறது. முகம் தகதகக்கிறது. இயற்கைப் பொருள் எப்படி எரியும்?
– பாசமுள்ள தந்தை, ஈரோடு

ப: செந்தட்டிச் செடியும் இயற்கைதான், ஐயா. தடவிப் பார்க்க வேண்டாம், பத்திரிகைமேல் கேஸ் வரும்.

லாவெண்டர் மணத்தில் லினலூல் உண்டு. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் லிமோனீன். புதிதாக இருக்கையில் இரண்டும் சாது. மாதக்கணக்கில் காற்றுபட்டு ஆக்சிஜனோடு சேர்ந்த பிறகு பலருக்கு ஒவ்வாமையைக் கிளப்புபவை. மூடியைத் தொலைத்துவிட்டுக் குளியலறை ஜன்னலில் சோப்பைத் திறந்தே வைப்பவர்கள் கவனிக்க.

தேங்காய் எண்ணெய்ச் சோப்பு குளிர்ச்சி என்பதும் பாதிக் கதைதான். எண்ணெய் காரத்தோடு சேர்ந்து சோப்பானதும் ஆளே வேறு. அதிலிருக்கும் லாரிக் அமிலம் நுரையைப் பொங்க வைக்கும். போகிற போக்கில் தோலின் எண்ணெய்ப் பசையையும் துடைத்துக்கொண்டு போகும். அதனால்தான் நல்ல ஷேவிங் சோப்பில் ஸ்டியரிக் அமிலத்துக்கு முதலிடம். பொங்காது, ஆனால் தயிர்போலக் கெட்டியாக நிற்கும். என்னைக் கேட்டால், எதுவுமே மணக்காத சோப்பை வாங்குங்கள். மகனிடம் பாசத்தை வேறு வகையில் காட்டச் சொல்லலாம்.

கே: எங்கள் ஃபிளாட்டில் போர் தண்ணீர். நுரையே வருவதில்லை. சோப்பை இன்னும் அழுத்தித் தேய்க்கிறேன், இன்னும் எரிகிறது.
– சோழிங்கநல்லூர் வாசகர்

ப: வாளி விளிம்பில் வெள்ளையாக ஒரு வளையம் படிந்திருக்குமே, அதே சமாச்சாரம்தான் உங்கள் கன்னத்திலும். உப்புத் தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்பைப் பிடித்துத் திரிதிரியாக்கிவிடும். நுரையாக வேண்டியது படிவாகித் தோலில் ஒட்டும். குடிநீரில் ஒரு டம்ளர் எடுத்து நுரை அடியுங்கள், கடைசியாகக் கழுவவும் அதையே வையுங்கள். “குடிக்கிற தண்ணியில மூஞ்சியா?” என்று வீட்டில் கேட்டால் என் பெயரைச் சொல்லக் கூடாது.

கே: படிகாரம் தேய்த்தால் எரிச்சல் போகுமா?
– தாத்தா வழிப் பேரன், மன்னார்குடி

ப: ரத்தம் நிற்கும். எரிச்சலுக்குத் துணை சேரும். சலூனில் ஊர்க் கன்னமெல்லாம் உருண்டு வந்த கல் என்றால், “வேணாம்ணே” என்று சொல்லிவிடுங்கள்.

கே: மெடிக்கலில் ஒரு ட்யூப் கொடுத்தார்கள். ஒரே இரவில் மாயம்! நிறுத்தினால் திரும்பி வருகிறது.
– மயங்கியவர், திருப்பூர்

ப: இதில் மட்டும் சிரிக்க முடியவில்லை. சீட்டில்லாமல் கைமாறும் இந்த மாய ட்யூப்களில் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கும். முகத்தில் தொடர்ந்து பூசினால் தோல் மெலியும், ரத்த நாளம் கோடுகோடாகத் தெரியும், பரு வரும். நிறுத்தியதும் பழைய சிவப்பு வட்டியோடு வரும். ட்யூபை எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். முதுகில் சின்னச் சின்னப் பட்டைகள் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்து, ஒவ்வாமைப் பொருள் எது என்று கண்டுபிடிக்கும் பரிசோதனை இருக்கிறது. என் பதிலைவிட நம்பகமானது.

கே: ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போகிறோம். முகம் தக்காளிப் பழமாக இருக்கிறது. இன்று புதன். அவசரம்!
– மாப்பிள்ளை, திண்டுக்கல்

ப: நனைத்த துணியை ஒத்தியெடுங்கள், வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் பூசுங்கள். ஆஃப்டர் ஷேவ் பாட்டிலை அப்பாவிடம் ஒப்படையுங்கள். அதில் முக்கால்வாசி ஸ்பிரிட்தான். ஞாயிறு காலை சிவப்பு அடங்கியிருந்தால், வெதுவெதுப்பான நீரில் முகத்தை நன்றாக ஊறவைத்து, புது பிளேடால் முடி வளர்ந்த திசையிலேயே ஒரே ஒரு முறை. அடங்கவில்லையா? அப்படியே கிளம்புங்கள். நான்கு நாள் தாடி இப்போது ஃபேஷன். நான்கு நாள் தடிப்பு இன்னும் ஆகவில்லை.