ஸஹர் நேரத்துக் கேத்தல்

கேள்வி: ஸஹருக்கு எங்கள் கரண்ட் கேத்தல் சுணங்குகிறது. மகன் மீட்டர் வைத்துப் பார்த்து, பகலில் 230 வோல்ட், 8 அம்பியர் என்றான். ஸஹரில் 200 வோல்ட்தானாம். 30 வோல்ட்டுக்கா இவ்வளவு தாமதம்?
– வாசகி, மருதமுனை

பதில்: பாதிக் கணக்கை மகன் முடித்துவிட்டார், தங்கச்சி. கெட்டிக்காரப் பிள்ளை! 230ஐ 8ஆல் வகுங்கள்: தடை 28.75 ஓம். பெருக்குங்கள்: வலு 1840 வாட். அந்த வகுத்தல்தான் 1827இல் ஜெர்மன் வாத்தியார் ஓம் புத்தகமாக எழுதிய விதி.

கேத்தலுக்குள் இருக்கும் கம்பியின் தடை ராவிலும் ஏறக்குறைய அதேதான். அழுத்தம் இறங்கினால் மின்னோட்டமும் கூடவே இறங்கும், 200ஐ 28.75ஆல் வகுத்தால் 7 அம்பியருக்குச் சற்றுக் கீழே. இருவரும் சேர்ந்து நோன்பு பிடித்தால் பெருக்கம் மெலியாதா? வலு 1391 வாட், கால்வாசி போயிற்று. பகலில் 3 நிமிடத்தில் கொதிக்கும் தண்ணீருக்கு இப்போது 4 நிமிடம்.

பக்கத்து வீட்டில் அழுத்தம் சரியாக இருந்தால், கேத்தலை நிறுத்திவிட்டு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் அங்கே இணைப்பு தளர்ந்திருக்கிறது. தேநீருக்குப் போகவேண்டிய சூடு சுவரில் தங்குகிறது. மின்வேலை தெரிந்தவரை அன்றைக்கே கூப்பிடுங்கள்.