ஏழு கடலில் ஒன்றை வீட்டுக்கு அழைக்கும் முறை

மதுரைக்குக் கடலை வரவழைத்த முதல் ஆள் சோமசுந்தரக் கடவுள். மாமியார் காஞ்சனமாலைக்குக் கடலாட ஆசை. மருமகன் ஏழு கடலையும் ஒரே குளத்துக்குள் கூப்பிட்டுவிட்டார். பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற் புராணத்தில் இதற்கென்று ஒரு படலமே ஒதுக்கியிருக்கிறார். ஆனால் உப்பு எத்தனை கிராம், வடிகட்டி எது, கரண்ட் போனால் யார் பொறுப்பு என்ற விவரமெல்லாம் அதில் இல்லை. அந்தக் குளம் தூர்ந்து இப்போது கடைகள் வந்துவிட்டன. ஏழுகடல் தெரு என்ற பெயர் மட்டும் மீனாட்சி கோயிலுக்குக் கிழக்கே மிச்சம். கடல்நீர்த் தொட்டி வைக்கப்போகிற மதுரைக்காரர் முதல் வேலையாக அந்தத் தெருவுக்கு ஒரு நடை போய், ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வரவேண்டும். கடவுள் வைத்த தொட்டிக்கே கதி அதுதான்.

போய் வந்தும் ஆசை அடங்கவில்லையா? சரி, படியுங்கள். கூடத்தில் ஆறடிக்கு ஒரு பவளப்பாறைத் தொட்டி, நீல விளக்கு, ஆரஞ்சுப் பட்டை மீன் அசைந்து அசைந்து போகவேண்டும், வந்த விருந்தாளி காபியை ஆறவிட்டு வாய்பிளக்க வேண்டும். இவ்வளவுதானே? எனக்கும் இவ்வளவுதான் இருந்தது. ராமேசுவரம் போகிற வழியில், மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் காட்சிக்கூடத்தில் ஒரு கண்ணாடிக்கு முன்னால் முக்கால் மணி நேரம் நின்றவன் நான். பிள்ளைகள் எப்போதோ வேனில் ஏறிவிட்டிருந்தார்கள்.

தொட்டியின் அளவை நீங்கள் முடிவு செய்யமாட்டீர்கள், கடைக்காரர் செய்வார். "பெருசா வச்சாத்தாண்ணே நிக்கும். சின்னது இன்னைக்கு நல்லாருக்கும், நாளைக்குப் படுத்துரும்" என்பார். கொடுமை என்னவென்றால், அவர் சொல்வது உண்மை. தண்ணீர் அதிகமிருந்தால் சூடும் உப்பும் மெதுவாகத்தான் மாறும். செய்த தப்பைத் திருத்த உங்களுக்கு ஒரு ராத்திரியாவது கிடைக்கும். ஐம்பது லிட்டர் தொட்டியில் காலையில் ஒரு மீன் செத்து ஒதுங்கினால் சாயங்காலத்துக்குள் மற்றதும் போய்ச்சேரும்.

ஆகவே ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டரை அடி உயரம். கணக்குப் போட்டால் 1,060 லிட்டர். கடல்நீர் லிட்டருக்கு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. 15 மி.மீ. கண்ணாடி மட்டும் 200 கிலோ. இரும்பு ஸ்டாண்டு, கல், மணல், கீழே இருக்கும் வடிகட்டித் தொட்டி எல்லாம் சேர்ந்தால் ஒன்றரை டன். வீட்டுத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 200 கிலோ சுமை என்று வைத்துத்தான் பொறியாளர்கள் கணக்குப் போடுகிறார்கள். நம் தொட்டியோ ஒன்றரைச் சதுர மீட்டர்கூட இல்லாத இடத்தில் உட்கார்கிறது. அந்தக் கணக்கைப்போல் ஐந்து மடங்கு. மாடியில் வைக்கலாமா என்று கொத்தனாரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் கீழே நின்று தளத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இதுக்கு நேர் கீழ யாருண்ணே படுப்பா?" தொட்டி தரைத்தளத்துக்கு வந்தது.

அடுத்தது தண்ணீர். வைகையே கடலைப் பார்ப்பது அபூர்வம். ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு அதன் பயணம் பெரும்பாலும் முடிந்துவிடும். கண்மாயை மேடாக்கி பிளாட் போட்டு, பிளாட்டில் வீடு கட்டி, வீட்டுக்குள் தொட்டி கட்டி, பிறகு தண்ணீர் எங்கே என்று தேடுகிற ஊர் நம்முடையது. எங்கள் போர் தண்ணீரில் டிடிஎஸ் மீட்டரை விட்டால் நாலு இலக்கம் காட்டியது. பவளத் தொட்டிக்கு அது பூஜ்யம் காட்டவேண்டும். ஆர்.ஓ. மெஷின் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் கொடுக்க இரண்டு மூன்று லிட்டரைக் கழித்துத் தள்ளும். மூன்று நாள் ராப்பகலாக ஓடியது. அந்த மூன்று நாளும் எங்கள் தெரு முழுக்க வாசல் தெளித்துக் கோலம் போட்டார்கள்.

உப்பு லிட்டருக்கு 35 கிராம், அதாவது தொட்டிக்கு 37 கிலோ. "தூத்துக்குடி பக்கத்துல இருக்க உப்புக்கா பஞ்சம் மாப்பிள்ளை?" என்று மாமனார் ஒரு மூட்டையை இறக்கிவிட்டார். அங்கேதான் சிக்கல். உப்பளத்தில் சோறாக்கும் உப்பு விளைந்ததும் வாரிவிடுகிறார்கள். மக்னீசியம் முதலியவை பாத்தியில் கசப்புத் தண்ணீராகத் தங்கிவிடும். பவளம் தன் எலும்பைக் கட்ட லிட்டருக்குக் கால்சியம் 420 மில்லிகிராம், மக்னீசியம் 1,300 மில்லிகிராம் அளவில் வேண்டும். பவளம் ஊறுகாய் இல்லையே. மாமனார் மூட்டையில் மூன்று வருடம் மாங்காய் போட்டோம். தொட்டிக்கு இறக்குமதி உப்பு வாளி வாளியாக வந்தது. நாட்டுக்கே உப்பு அனுப்பும் கடற்கரை மூன்று மணி நேரத்தில் இருக்க, கப்பலில் வந்த உப்பைக் காசு கொடுத்து வாங்கியாயிற்று. 1930இல் வேதாரண்யத்துக்கு நடந்துபோனவர்கள் காதில் இதைப் போடவேண்டாம்.

உப்புத் தண்ணீர் நிரம்பியது. இனி மீன் விடலாமா? கூடாது. ஆறு வாரம் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்காரவேண்டும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா விஷம். அதை நைட்ரைட்டாக்க ஒரு பாக்டீரியா, அந்த நைட்ரைட்டும் விஷமாதலால் அதை நைட்ரேட்டாக்க இன்னொன்று. இரண்டும் கல்லிலும் மணலிலும் குடியேறிப் பெருகவேண்டும். அவற்றுக்குத் தீனியாக ஓர் இறாலைப் போட்டு அழுகவிடலாம் என்பது பழைய கைப்பக்குவம். கரிமேட்டில் வாங்கிய ஒரு படி இறாலில் நல்லதாக ஒன்றை எடுத்துத் தொட்டியில் போட்டதை அப்பத்தா பார்த்துவிட்டது.

"ஏன்டா, அது வேகுறதுக்கு முன்னாடி எதுக்குடா அதுல போட்ட?"

"அழுகுறதுக்கு அப்பத்தா."

அதற்குப் பிறகு அப்பத்தா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை; அம்மாவை மட்டும் தனியாகக் கூப்பிட்டு ஏதோ விசாரித்திருக்கிறது.

இந்த ஆறு வாரத்தில் அக்கம்பக்கத்தார் வருவார்கள், "மீன் எங்கண்ணே?" என்பார்கள். மதுரைக்காரருக்கு இதற்குக் கைவசம் பதில் உண்டு. மீன்கொடி பறந்த ஊர், மீன்போன்ற கண்ணுடையாள் ஆளும் ஊர், ஆனால் அவள் கோயில் பொற்றாமரைக் குளத்தில் மீன் கிடையாது. குளத்தில் மீன் இருந்தால் தன் இனம் தின்று பாவம் சேர்க்கும் என்று நாரை ஒன்று இறைவனிடம் வரம் கேட்டு வாங்கியதாம். அது குளத்துக்கே பெருமை என்றால் உங்கள் தொட்டிக்கு என்ன குறை?

சூட்டைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். பவளத்துக்கு 25, 26 டிகிரி சுகம். கடலிலேயே 30 டிகிரியைத் தாண்டி வாரக்கணக்கில் நின்றால் அதன் உடம்புக்குள் குடியிருந்து சோறு போடும் நுண்பாசி வெளியேறிவிடும். பவளம் வெளுத்துப் பட்டினியில் சாகும். மன்னார் வளைகுடாவில் 2010இலும் 2016இலும் இப்படித்தான் பார் பாராக வெளுத்தது. இனி நம் சித்திரை மாதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே 40. கூடத்தில் ராத்திரி பத்து மணிக்கு 33. ஆகவே சில்லர் என்று ஒரு பெட்டி வாங்கவேண்டும். அது தண்ணீரைக் குளிரவைத்து, அந்தச் சூட்டை அப்படியே உங்கள் கூடத்தில் விடும். பிறகு கூடத்துக்கு ஏசி. மீன் 26 டிகிரியில் இருக்கும், குடும்பம் திண்ணையில் இருக்கும். பம்பு, விளக்கு, சில்லர் சேர்ந்து எங்கள் வீட்டில் நாளுக்குப் பன்னிரண்டு யூனிட்; இரண்டு மாதத்துக்கு 720. 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறும் என்பது தெரிந்ததுதான். ரீடிங் எடுக்க வந்தவர் "மாவு மில்லு எதுவும் ஓட்டுறீங்களா சார்?" என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

இவ்வளவும் ஆனபின் பவளம். இந்த வழிகாட்டியின் முக்கியமான படி இதுதான், இதை எந்தக் கடையிலும் சொல்லமாட்டார்கள்: பவளப்பாறைத் தொட்டியில் பவளப்பாறை வைக்கமுடியாது. பார் கட்டும் பவளங்களும் கடல் விசிறிகளும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. பிடிபட்டால் மூன்று வருடம் முதல் ஏழு வருடம் வரை சிறை. உயிரோடிருந்ததா செத்ததா என்ற பேச்செல்லாம் அங்கே எடுபடாது. மேசைமேல் வைத்த வெள்ளைப் பவளத் துண்டும் குற்றம்தான். மணலைக் கிளறிச் சுத்தம்செய்யக் கடல் அட்டை விடுங்கள் என்று அமெரிக்கப் புத்தகங்கள் எழுதும். நம் ஊரில் கடல் அட்டையோடு அகப்பட்டால் பேப்பரில் படம் வரும், நாலு போலீசாருக்கு நடுவில்.

ஒருவர் ராத்திரி போன் செய்தார். "உயிர்க்கல் இருக்குண்ணே, வேணுமா? கடல்லருந்து நேரா." அந்த நேரத்தில் எனக்கு ஆசை வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்தப் பவளக் கல் வரும் கடலையும் நினைத்துப் பார்த்தேன். ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைச் சுற்றி 560 சதுர கிலோமீட்டரை 1986இல் கடல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். அதில் பூவரசன்பட்டி, விளாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் இன்று தண்ணீருக்குள் இருக்கின்றன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பாரை வெட்டி வெட்டி எடுத்ததில் அலையைத் தடுக்க ஆள் இல்லாமல் தீவு கரைந்தது. அந்தக் காலத்தில் இது குற்றமாகவே தெரியவில்லை. தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயத்தின் சுவரை உற்றுப்பாருங்கள், பவளக் கல். தூத்துக்குடி எதிரே வான் தீவும் அப்படித்தான் தேய்ந்துகொண்டு வந்தது. அதைக் காப்பாற்ற இப்போது கடலுக்குள் சிமெண்டில் செய்த செயற்கைப் பார்களை இறக்கியிருக்கிறார்கள். கடலே சிமெண்டுக்கு வந்துவிட்ட பிறகு என் தொட்டிக்கு என்ன வந்தது? போனை வைத்துவிட்டு, சிமெண்டிலும் செராமிக்கிலும் செய்த கல் வாங்கினேன். ஊதா வண்ணம் அடித்தது. தூரத்தில் நின்று பார்த்தால் கோயில் யாளி ஒன்று குளிக்க இறங்கியதுபோல இருக்கும்.

கடல் சாமந்தி என்ற கடலுயிரையும் கேட்காதீர்கள். சாமந்திதான் வேண்டுமென்றால் மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் கிலோ கணக்கில் கிடைக்கும்.

மீன் விஷயத்தில் மட்டும் மனசு நிறைகிற செய்தி உண்டு. சினிமாவில் வந்த நீமோவை, கோமாளி மீனை, இப்போது கடலில் பிடிக்கத் தேவையில்லை. மண்டபம் நிலையத்தார் அதைப் பொரிப்பகத்தில் வளர்க்கக் கற்றுக்கொண்டு மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். ஓட்டுத்துண்டில் முட்டையிடும், ஆண் மீன் துடுப்பால் விசிறிக்கொண்டு காவலிருக்கும், ஒரு வாரத்தில் பொரியும். பொரிவது எல்லாம் ஆண்தான். கூட்டத்தில் மூத்தது பெண்ணாக மாறும். அது போனால் அடுத்த ஆண் அந்த நாற்காலிக்கு வரும். இதை வீட்டில் விளக்கிச் சொன்னபோது மனைவி, "அதுக்காவது மூத்ததுக்கு மரியாதை இருக்கு" என்றாள்.

மீன் வருவது பொரிப்பகத்திலிருந்து சென்னைக் கொளத்தூர் போய், அங்கிருந்து ஆம்னி பஸ்ஸில். தெர்மாகோல் பெட்டிக்குள் ஆக்சிஜன் அடைத்த பிளாஸ்டிக் பை. விடியற்காலை நாலரைக்கு ஆம்னி ஸ்டாண்டில் போய் நின்றேன். பக்கத்தில் மல்லி மூட்டைகள் இறங்குகின்றன. அந்த வாசத்துக்கு நடுவில் கடலிலே பிறக்காத இரண்டு கடல்மீனைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தேன். அவசரப்பட்டுத் தொட்டியில் கொட்டிவிடக் கூடாது. பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு, சூடு சமமானதும் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் கலக்கவேண்டும். இதை ஒழுங்காகச் செய்தேன். பதினொரு மாதம் அவை நன்றாகவே இருந்தன. விருந்தாளிகள் காபியை ஆறவிட்டார்கள். அப்பத்தாகூட நாற்காலியைத் தொட்டிப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டது.

சித்ரா பௌர்ணமி. அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க ராத்திரியே வீட்டைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு கிளம்பினோம். நாங்கள் போனதும் கரண்ட் போயிருக்கிறது. குற்றம் வேறு யாருடையதும் இல்லை; இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றாமல் மூன்று மாதம் விட்டவன் நான். ஆயிரம் லிட்டர் உப்புநீருக்குப் பக்கத்திலேயே அது காய்ந்து கிடந்தது. வைகைக்கு அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிட்டார்கள், அழகர் இறங்கினார், நாங்கள் நனைந்துகொண்டு காலை பத்து மணிக்கு வீடு வந்தோம். பம்பு நின்ற தண்ணீரில் மூச்சுக் காற்று தீர்ந்திருந்தது. அப்பத்தா ஒன்றும் சொல்லாமல் நாற்காலியை மறுபடி வாசல் பக்கம் திருப்பிக்கொண்டது.

"ஏங்க, மாட்டுத்தாவணியில ஏறினா ராமேசுவரம் பஸ் மண்டபத்துல நிக்குமே" என்றாள் மனைவி. வேறு எதுவும் சொல்லவில்லை. அதுவே போதுமானதாக இருந்தது.

இத்தனையும் படித்துவிட்டு இன்னும் தொட்டி வைக்கத் துணிபவருக்கு ஒரு தகவல். ஆறுக்கு இரண்டரைக்கு இரண்டரை, 15 மி.மீ. கண்ணாடி, ஸ்டாண்டோடு, கசிவு இல்லை. தற்சமயம் அதில் மகளின் பழைய பாடப்புத்தகங்கள் இருக்கின்றன, எடுத்துக்கொடுத்துவிடுகிறேன். சில்லரும் உண்டு. வரும்போது ஆறு ஆளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். பிரிக்காத உப்பு வாளி ஒன்று இருக்கிறது, அதற்குக் காசு வேண்டாம்.