ஆயிரம் ரூபாய்ச் சீமான்கள்

ஆயிரம் ரூபாயை வைத்துக்கொண்டு ஒரு கிழவர் என்னென்ன ஊதாரித்தனம் செய்துவிடுவாரோ என்று டெல்லிக்குப் பெரிய கவலை. இல்லாவிட்டால், 2014 செப்டம்பரில் பி.எஃப். தொழிலாளருக்கான இ.பி.எஸ். பென்ஷனுக்கு நிர்ணயித்த குறைந்தபட்ச மாதத் தொகையைப் பத்தாண்டுக்கு மேல் பூட்டிப் பாதுகாத்திருப்பார்களா? நாளுக்கு 33 ரூபாய். ரெண்டு டீ குடித்தது போக மீதியில் சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை, வீட்டு வாடகை. அதிலும் மிச்சம் பிடித்தால் மியூச்சுவல் ஃபண்டில் போடலாம்.

இது யாரும் போட்ட பிச்சை அல்ல. முதலாளி கட்டும் பி.எஃப். பங்கிலிருந்து, உச்சவரம்புக்கு உட்பட்ட சம்பளத்தில் 8.33 சதவீதம் மாதாமாதம் இதற்கென்றே போனது. கோவை மில்லில் பஞ்சுத் தூசி தின்று இருமியவரும், நெல்லையில் முறம் வைத்துப் பீடி சுற்றியவரும் உழைத்துச் சேர்த்த பணம். மூவாயிரமாவது கொடுங்கள் என்று 2013இல் பகத் சிங் கோஷ்யாரி தலைமையிலான மாநிலங்களவைக் குழு சொன்னது. அந்த அறிக்கைக்கும் வயதாகிவிட்டது; பாவம், அதற்குப் பென்ஷன்கூடக் கிடையாது.

முன்னாள் எம்.பி.க்கள் விஷயத்தில் கஜானா இவ்வளவு கறார் காட்டுவதில்லை. அவர்களுடைய 25,000 ரூபாய்ப் பென்ஷன் 31,000 ஆனது. 2025 மார்ச்சில் அறிவித்து, 2023 ஏப்ரலிலிருந்தே கணக்குப் போட்டார்கள். பணவீக்கக் குறியீட்டைப் பார்த்து உயர்த்தினார்களாம். ஆக, துவரம்பருப்பு விலை ஏறியது டெல்லிக்குத் தெரிந்தே இருக்கிறது. மில் தொழிலாளிக்கு மட்டும் 2014 விலையிலேயே பருப்பு போடும் கடை எங்கோ இருக்கிறது போலும். அவருக்குப் பஞ்சப்படி கிடையாது. பென்ஷன் கேட்க அவருக்குப் பத்தாண்டு சர்வீஸ் வேண்டும். எம்.பி.க்கு ஒரு தவணை முழுசாக முடிய வேண்டும் என்றுகூட இல்லை.

அந்த ஆயிரத்துக்கும், தான் சாகவில்லை என்று வருஷா வருஷம் நிரூபிக்க வேண்டும். பீடி இலை நறுக்கி, நூல் கட்டித் தேய்ந்த கட்டைவிரலை ஒரு ஆச்சி கைரேகை மிஷினில் வைக்கிறாள். சிவப்பு விளக்கு. “தொடச்சிட்டு வைங்க ஆச்சி.” முந்தானையில் துடைத்து வைக்கிறாள். மறுபடியும் சிவப்பு. “உசிரோடதான நிக்கேன், கண்ணு தெரியலியாய்யா?” மிஷினில் உட்கார்ந்திருக்கும் பையன் என்ன செய்வான்? அவனுக்குத் தெரிகிறது, சர்வருக்குத் தெரியவில்லை. முகத்தைக் காட்டினால் போதும் என்று ஆப் ஒன்று வந்திருக்கிறது. அதற்கு வேண்டிய ஸ்மார்ட்போனை ஆச்சி அந்த ஆயிரத்திலேயே வாங்கிக்கொள்ளட்டும்.

பென்ஷனில் மட்டும்தான் இந்தக் கறார் என்றில்லை. 2020 மார்ச்சில் கொரோனாவைக் காட்டி முதியோர் ரயில் சலுகையைப் பிடுங்கினார்கள். கொரோனா போயிற்று, சலுகை வரவில்லை. தமிழ்நாட்டில் சுமார் ஏழு பேரில் ஒருவர் அறுபதைத் தாண்டியவர். இவர்களைப் பற்றி ‘சில்வர் எகானமி’ என்று ஏசி ஹாலில் கருத்தரங்கம் நடத்துகிறார்கள், முந்திரி பிஸ்கட்டோடு.

85 வயதானவர் வீட்டைத் தேடி ஓட்டுப்பெட்டி மட்டும் தவறாமல் வருகிறது. 2024 தேர்தலில் வந்தது. அப்போது எந்த விரலும் தேய்ந்திருக்கவில்லை. அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிறவர் கையில் ஆயிரம் ரூபாயைக் கொடுத்து, ஒரு மாசம் குடித்தனம் நடத்திவிட்டு வரச் சொல்லுங்கள். ஓட்டை அப்புறம் பார்க்கலாம்.