கல்லாவுக்குத் தெரியாத நாளை

கேள்வி: ஜப்பானின் செவன்-இலெவன் கடைகளில் எதை எவ்வளவு வாங்கி வைப்பது என்று கம்ப்யூட்டரே முடிவு செய்துவிடுமாமே?

பதில்: இல்லை, கடைசி முடிவு மனிதருடையதுதான். எனக்கு அங்கே பிடித்ததே அதுதான். பார்கோடு படிக்கும் கல்லா 1982-லேயே அங்கு வந்துவிட்டது. எது, எப்போது விற்றது என்று அது சொல்லும். ஆனால் கல்லாவுக்குத் தெரிந்தது நேற்று மட்டும். சரக்கு தீர்ந்தபின் வந்து வெறுங்கையோடு திரும்பியவர் அதன் கணக்கிலேயே இல்லையே! அதனால் நாளைய தேவையைக் கடை ஊழியரே, பகுதிநேரத்தில் வேலை பார்ப்பவரும்கூட, ஊகித்து ஆர்டர் போடுகிறார். அந்த நிறுவனத்தை வளர்த்த தோஷிஃபுமி சுசுகி சொன்ன உதாரணம் அருமை: கடை மீன்பிடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில், நாளை விடுமுறை, நல்ல வெயில். தூண்டில்காரர்கள் வருவார்கள். உச்சிவெயிலிலும் சட்டென்று கெடாத, ஊறுகாய்ப் பிளம் வைத்த சோற்றுருண்டையைக் கூடுதலாக வாங்கி வை! ஊகம் பலித்ததா என்று மறுநாள் கல்லா மார்க் போட்டுவிடும்.