ஒரே ஒரு ரீபூட்தான், சார்!

வீட்டுக்கு வருகிற மற்றவர்கள் "சௌக்கியமா?" என்பார்கள். இந்த லினக்ஸ் பித்தரோ "என்ன கெர்னல் ஓடுது?" என்பார். பதில் வருவதற்குள் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, "யூநேம் மைனஸ் ஆர்" தட்டிப் பார்த்து, மருமகள் வீட்டில் ஒட்டடையைக் கண்ட மாமியார் முகத்தோடு, "இன்னும் இதுலயா சார் இருக்கீங்க?" என்பார்.

பெங்களூரில் 2001-ல் தொடங்கிய லினக்ஸ் மாநாட்டின் டீ-ஷர்ட்டை இன்றும் போட்டுக்கொள்வார். கழுத்து மட்டும்தான் மிச்சம். ஒன்பது பத்து வாரத்துக்கு ஒரு புது கெர்னல் வெளிவருவதால் அவருக்கு வருஷத்தில் ஐந்தாறு தீபாவளி. 2022 அக்டோபரில் 5.19-க்கு அடுத்து 6.0 வந்தபோது மைசூர்பாகு கொடுத்தார். முதல் எண் மாறுவதில் விசேஷம் ஒன்றுமில்லை, பின்னெண் பெரிதாகிவிட்டால் மாற்றுவேன் என்பவர் அந்தக் கெர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ். அது இவர் காதில் ஏறாது.

"ஒரே ஒரு ரீபூட்தான், சார்." இதைச் சொல்லிவிட்டால் அன்றைய பொழுது போயிற்று. முதல் ரீபூட்டில் வைஃபை காணோம். இரண்டாவதில் வைஃபை வந்தது, சத்தம் போயிற்று. மூன்றாவதில் திரையே கறுப்பு. இவரோ, "கெர்னல் மேல தப்பே இல்ல சார், மாட்யூல்தான்" என்று நிதானமாகக் காபியை ஆற்றுவார்.

அவர் சொல்வது பொய்யல்ல, அதுதான் எரிச்சல். ஒவ்வொரு கெர்னலுக்கும் அதனதன் மாட்யூல்கள் தனித்தனி டைரக்டரியில் இருக்கின்றன. ஒன்றுக்காகக் கட்டியது இன்னொன்றில் பெரும்பாலும் ஏறாது. கெர்னலின் உள் இடைமுகங்களை எப்போது வேண்டுமானாலும் மாற்றுவோம் என்பது அதை எழுதுகிறவர்களின் கொள்கை. கெர்னலோடு சேர்ந்து வருகிற டிரைவர்களை அவர்களே திருத்திவிடுகிறார்கள். வெளியிலிருந்து வருகிறவை அம்போ. அவற்றை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கம்பைல் செய்யத்தான் டிகேஎம்எஸ் இருக்கிறது. ஆனால் அந்தக் கெர்னலின் ஹெடர்கள் வேண்டும். "ஹெடர்ஸ் போடலையா நீங்க?" என்று நம்மைக் கேட்பார். போட வேண்டியவர் அவர். இப்போது ஹெடர்களை இறக்க வைஃபை வேண்டும். வைஃபை வர ஹெடர்கள் வேண்டும். கடைசியில் நம் போன் டேட்டாதான் கரையும்.

இத்தனைக்கும் நல்ல மனிதர். ராத்திரி போன் செய்தால் மாரத்தஹள்ளியிலிருந்து சில்க் போர்டு நெரிசலைத் தாண்டி பென்டிரைவோடு வந்து நிற்பார். விடியும்வரை உட்கார்ந்து சரிசெய்வார். ஒரு பைசா வாங்க மாட்டார். "இப்ப எப்படி பறக்குது பாருங்க!" என்பார். முன்பு எப்படி ஓடியதோ அப்படியேதான் ஓடும்.

ஆனால் ஒன்றை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. போகிற போக்கில், "பழசு எதுக்கு சார், இடத்தை அடைக்குது" என்று பழைய கெர்னலை நீக்கிவிடுகிறார். புதியது படுத்துக்கொண்டால் கிரப் மெனுவில் தேர்ந்தெடுத்து உள்ளே போக இருக்கும் எளிய வழி அதுதான். அதைக் கேட்காமல் அழிப்பதற்குப் பெயர் உதவி அல்ல.

ஐயா, பாதுகாப்புத் திருத்தங்கள் என் டிஸ்ட்ரோவின் கெர்னலுக்கே வந்துவிடுகின்றன. உங்கள் இயந்திரத்தில் தினம் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். என்னுடையதில் பழையதை விட்டுவையுங்கள். திங்கட்கிழமை காலை எனக்கு மீட்டிங் இருக்கிறது.