சேர்க்கைக் குழுவுக்கு ஒரு ஜெராக்ஸ் கடையிலிருந்து

அனுப்புநர்:
ஜெராக்ஸ் கடைக்காரர்,
பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே.

பெறுநர்:
பதினோராம் வகுப்புச் சேர்க்கைக் குழுவினர்,
அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளி,
ஜெராக்ஸ் கடைக்கு எதிரே.

பொருள்: மாணவர்கள் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்க உதவியமை – நன்றி தெரிவித்தல் – மாற்றுச் சான்றிதழ் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதியிருந்த அறிவிப்பு. 2. வாட்ச்மேன் அண்ணன் வாய்மொழியாகச் சொன்னது.

பெருமதிப்பிற்குரிய குழுவினருக்கு, வணக்கம்.

பத்தொன்பது வருஷமாக உங்கள் வாசலைப் பார்த்தபடியே கடை நடத்துகிறேன். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாள் காலையில் என் கடைமுன் நிற்கும் வரிசை ரேஷன் கடையில்கூட நிற்காது. மார்க் ஷீட் ஐந்து காப்பி, சாதிச் சான்றிதழ் ஐந்து, ஆதார் ஐந்து, உங்கள் விண்ணப்பம் கெட்டுப்போனால் எழுத இன்னும் இரண்டு. பக்கத்துக்கு இரண்டு ரூபாய். என் வீட்டுக்குக் கான்கிரீட் போட்டது உங்கள் குழுதான் என்று சொன்னால் மிகையில்லை. இத்தனை வருஷம் நன்றி சொல்லாமல் இருந்தது என் தவறு. இந்த வருஷம் என் மகளும் வரிசையில் நின்றாள். அதனால் நினைவு வந்தது.

முதலில் அந்தக் கரும்பலகை. 450க்கு மேல் பயோ-மேத்ஸ். 400க்கு மேல் கம்ப்யூட்டர் சயின்ஸ். 350க்கு மேல் காமர்ஸ். அதற்குக் கீழே “தொழிற்பிரிவு – இடம் இருந்தால்”. நாலே வரி. பிள்ளைக்கு எது பிடிக்கும், எது வரும், பிற்பாடு என்ன செய்ய நினைக்கிறது என்று கற்றவர்களும் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கும் விஷயத்தை நாலு வரியில் முடித்திருக்கிறீர்கள். மளிகைக்கடைத் தராசில் கத்திரிக்காய், வெண்டைக்காய், ஒரு கட்டு மல்லித்தழை எல்லாவற்றையும் ஒரே தட்டில் போட்டு, மொத்த எடையைப் பார்த்து “இது சாம்பாருக்கு” என்று சொல்லும் திறமை எல்லோருக்கும் வாய்க்காது.

என் கடைக்கு வந்த ஒரு பையனின் மார்க் ஷீட் இன்னும் கண்ணில் நிற்கிறது. கணிதம் 97, அறிவியல் 84. தமிழ் 58, ஆங்கிலம் 71, சமூக அறிவியல் 61. கூட்டினால் 371. பலகைப்படி காமர்ஸ். உங்கள் காமர்ஸில் கணக்குப்பதிவியல் உண்டு, கணிதம் கிடையாது. பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் இல்லாவிட்டால் பொறியியல் கலந்தாய்வுப் பக்கமே போக முடியாது. அங்கே 200க்குக் கட்-ஆஃப் போடும்போது பாதி, அதாவது 100, கணிதத்துக்கே. தமிழில் செய்யுள் மனப்பாடம் வரவில்லை என்பதற்காக ஒரு பையனைக் கணக்கிலிருந்து காப்பாற்றியிருக்கிறீர்கள். அவன் அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். “பெரியவங்க யோசிச்சுத்தான அண்ணாச்சி போடுவாங்க” என்று சொல்லிவிட்டு, சில்லறை வாங்கிக்கொண்டு போனார்.

இனி என் வீட்டுக் கதை. மகளுக்குத் தமிழ் 96, ஆங்கிலம் 91, கணிதம் 78, அறிவியல் 89, சமூக அறிவியல் நூற்றுக்கு நூறு. மொத்தம் 454. நாங்கள் இருவரும் உள்ளே வந்து உட்கார்ந்ததிலிருந்து எழுந்ததுவரை நாலரை நிமிடம். பின்னால் சுவர்க்கடிகாரம் இருந்ததால் தெரியும். மொத்தத்தைப் பார்த்த உடனேயே வேதியியல் சார் “பயோ-மேத்ஸ்” என்று எழுத ஆரம்பித்துவிட்டார். மகள் மெதுவாக, “சார், எனக்கு ஹிஸ்டரி குரூப் வேணும்” என்றாள்.

பேனா நின்றது. ஃபேன் மட்டும் ஓடியது. ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டாளோ என்று நானே ஒரு கணம் பயந்துபோனேன். குழுவிலிருந்த அம்மையார் என் பக்கம் திரும்பி, “வீட்ல ஏதும் பிரச்சினையா அண்ணாச்சி?” என்று கனிவாகக் கேட்டார். சார் அதைவிடக் கனிவாக, “454 எடுத்துட்டு ஹிஸ்டரியா? மார்க்கை வீணாக்கிராத பாப்பா” என்றார்.

மார்க்கும் ஐநூறு ரூபாய் நோட்டும் ஒன்று என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. கையில் ஐநூறு இருந்தால் ஐநூறுக்குச் சரக்கு வாங்கிவிட வேண்டும். கடலைமிட்டாய் பிடிக்கும் என்பதற்காகக் கடலைமிட்டாய் வாங்கினால் மீதி வீண்.

இதையும் சொல்லிவிடுகிறேன். போன மாதம் என் மாமியாரின் வற்புறுத்தலில் மகளின் ஜாதகத்தை ஒரு ஜோசியரிடம் காட்டினோம். அவருக்கும் எனக்கும் ஒத்துவராது. ஆனாலும் மனிதர் முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். பிள்ளையை எதிரே உட்காரவைத்து, என்ன பிடிக்கும் என்று கேட்டார். பிறகுதான் புதன் நன்றாக இருக்கிறான், அக்கவுண்ட்ஸ் எடுக்கட்டும் என்று தப்பாகச் சொன்னார். கட்டணம் 200 ரூபாய்.

ஹிஸ்டரி குரூப் இங்கே கிடையாது என்று பிறகு விளக்கினீர்கள். ஏன் இல்லை என்றேன். யாரும் எடுப்பதில்லை என்றீர்கள். ஏன் எடுப்பதில்லை என்று கேட்கவில்லை. இல்லாத குரூப்பை எப்படி எடுப்பது என்பது எனக்கே தெரியும். மேல்நிலைப் பாடங்களின் பட்டியலில் வரலாறு, புவியியல், அரசியல் அறிவியல், புள்ளியியல், மனையியல், சிறப்புத் தமிழ் என்று கல்யாண விருந்துபோல நீளமாக அச்சடித்திருக்கிறார்கள். உங்கள் பந்தியில் இட்லி மட்டும். சட்னியில் நாலு வகை.

வெளியே வந்தபோது வாட்ச்மேன் அண்ணன் உண்மையைச் சொன்னார் (பார்வை 2). பயோ-மேத்ஸ் பிரிவில் இன்னும் ஆறு பேர் குறைகிறார்களாம். பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தால் பணியிடம் உபரி ஆகும். உபரி ஆனால் வேறு ஊருக்குத் தூக்கிப் போடுவார்கள். வீடு கட்டி, பிள்ளைகளை இங்கேயே சேர்த்திருக்கும் ஒரு ஆசிரியரின் கவலை எனக்குப் புரிகிறது. அதில் பகடி செய்ய எதுவும் இல்லை. ஆனால் அதையே நேராகச் சொல்லியிருக்கலாம். “பாப்பா, உன் எதிர்காலத்துக்கு இது நல்லது” என்பதற்குப் பதிலாக, “பாப்பா, எங்க உயிரியல் டீச்சரோட எதிர்காலத்துக்கு இது நல்லது” என்று கேட்டிருந்தால் என் மகள் கொஞ்சம் யோசித்திருப்பாள். அவளுக்கு அந்த டீச்சரைப் பிடிக்கும்.

உங்களுக்கு வரலாறு பிடிக்காது என்று நான் சொல்லவில்லை. போன வருஷக் கண்காட்சி நினைவிருக்கிறதா? அலெக்சாண்டர் ரீ நூறு வருஷத்துக்கு முன்பே தோண்டிய ஆதிச்சநல்லூரை உங்கள் பள்ளி வராந்தாவில் தெர்மாகோலிலும் களிமண்ணிலும் கட்டியவள் என் மகள்தான். என் கடையில் வீணான காகிதத்தை ஊறவைத்து அரைத்து நாலு முதுமக்கள் தாழி செய்தாள். கல்வி அதிகாரி ஒரு தாழிக்குள் எட்டிப் பார்த்து வியந்தார். மகளுக்கு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் பரிசு. 2025 ஜனவரியில், சிவகளையில் கிடைத்த இரும்பு 5,300 ஆண்டுப் பழமையானது என்று அரசு அறிக்கை வெளியிட்டதும், காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் மைக்கில் வாசித்துக் கைதட்டச் சொன்னீர்கள். அந்தக் கைதட்டல் என் கடைவரை கேட்டது. தமிழன் தொன்மையைக் கைதட்டுவதற்குக் குரூப் தேவையில்லை. அதைத் தோண்டுவதற்கும் படிப்பதற்கும்தான் ஆள் வேண்டும். அது வேறு ஊர்ப் பிள்ளைகளின் பொறுப்பு என்று நினைக்கிறேன்.

“ஃபர்ஸ்ட் குரூப் எடுத்தா எதுக்கு வேணாலும் போகலாம்” என்றார் சார். இதில் உண்மை இருக்கிறது, மறுக்கமாட்டேன். உயிரியலும் கணிதமும் சேர்த்துப் படித்தவனுக்குப் பொறியியல், நர்சிங், வேளாண்மை, சட்டம், பி.காம். எல்லாக் கதவும் திறந்திருக்கும். மற்றவர்களுக்குச் சில கதவு மூடும். பதினைந்து வயதில் கதவை மூடாதே என்பது நல்ல புத்திமதிதான். ஆனால், எங்கே போகப்போகிறாய் என்று கேட்காமல் தப்பிப்பதற்கும் அதைவிட வசதியான பதில் இல்லை. சென்ட்ரல் ஸ்டேஷனில் நிறுத்தி, இங்கிருந்து எல்லா ஊருக்கும் ரயில் உண்டு, போய்வா என்று விடுவதுபோல.

இதற்கு அத்தாட்சி நானே. 1996ல் இதே பள்ளியில், இதே மாதிரி ஒரு பலகையைப் பார்த்து, ஃபர்ஸ்ட் குரூப் எடுத்தேன். கணிதத்தில் 200க்கு 83. எதுக்கு வேணாலும் போகலாம் என்றார்கள். ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போனேன். அன்று படித்த இயற்பியலில் நிலைமின்னியல் மட்டும் உதவுகிறது. ஜெராக்ஸ் மெஷின் அதில்தான் ஓடுகிறது.

இப்போது நன்றியின் முக்கியமான பகுதிக்கு வருகிறேன். என் அக்கா மகன் உங்கள் பழைய மாணவன். மொத்த மார்க் இருந்ததால் ஃபர்ஸ்ட் குரூப், சீட் கிடைத்ததால் மெக்கானிக்கல். இப்போது வயது 26. காலை எட்டு மணிக்கு நூலகத்தில் இடம்பிடிக்கிறான். டிஎன்பிஎஸ்சி குரூப் 4. பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் போதும், எழுதலாம். 200 கேள்விகளில் 100 தமிழ், 75 பொது அறிவு, 25 திறனறிவு. அந்தப் பொது அறிவில் பாதிக்கு மேல் என்ன தெரியுமா? வரலாறு, புவியியல், அரசியலமைப்பு, பொருளாதாரம். எதை வைத்துப் படிக்கிறான்? 2018ல் புதிதாக எழுதிய பதினோராம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தை. பதினாறு வயதில் எடுத்தால் மார்க் வீண் என்று நீங்கள் காப்பாற்றிய அதே பாடத்தைப் பத்து வருஷம் கழித்து அடிக்கோடிட்டுப் படிக்கிறான். ஃபர்ஸ்ட் குரூப்பிலிருந்து குரூப் 4 வரை வந்துசேர நாலு வருஷப் பொறியியல் கட்டணமும் ஒரு கல்விக் கடனும் ஆனது.

அவன் ஒருவன் மட்டுமல்ல. தினமும் சாயங்காலம் ஏழெட்டுப் பேர் வருகிறார்கள். எல்லோரும் சயின்ஸ் குரூப். அரசியல் அறிவியல் புத்தகம் ஒன்று, பொருளியல் ஒன்று என்று பிடிஎஃப்பைக் கொடுத்து முன்னும் பின்னும் பிரிண்ட் எடுத்து, ஸ்பைரல் போட்டு வாங்கிப்போகிறார்கள். ரிசல்ட் சீசனில் வரும் வருமானத்தைவிட இது நிரந்தரம். உங்கள் குழு மட்டும் பிள்ளைகளிடம் விருப்பத்தைக் கேட்க ஆரம்பித்தால் என் பிழைப்பில் பாதி போய்விடும்.

ஏற்கெனவே ஒரு அடி வாங்கியவன் நான். பள்ளிகள் பதினொன்றைத் தாண்டிக் குதித்துப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு வருஷம் நடத்துவதைத் தடுக்க, 2018 மார்ச்சில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. பழைய வினாத்தாள் கட்டுக் கட்டாக விற்றேன். 2025-26ல் அதை எடுத்துவிட்டார்கள். பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கு அரசு ‘கல்லூரிக் கனவு’ நடத்தி என்னென்ன படிக்கலாம் என்று வழிகாட்டுகிறது. நல்ல வேளை, பாடப்பிரிவு எல்லாம் முடிவாகி இரண்டு வருஷம் கழித்துத்தான் கனவு காணச் சொல்கிறார்கள். அதனால் என் வியாபாரத்துக்குச் சேதமில்லை.

கைம்மாறாக ஒரு யோசனை. உங்கள் விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கத்தில் 14ஆவது கட்டம் ஒன்று இருக்கிறது: ‘மாணவர் விரும்பும் பாடப்பிரிவு – முன்னுரிமை வரிசையில்’. மூன்று கோடுகள். பத்தொன்பது வருஷமாக அந்தக் கட்டத்தை ஆயிரக்கணக்கில் நகலெடுத்திருக்கிறேன். பிள்ளைகள் என் கவுன்ட்டரில் வைத்துத்தான் அதை நிரப்புவார்கள். பேனாவைக் கடித்து, அழித்து, பக்கத்திலிருப்பவளிடம் கேட்டு, மறுபடி எழுதுவார்கள். என் மகள் முதல் கோட்டில் ‘வரலாறு’ என்று எழுதி, ‘று’ சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். அந்த நாலரை நிமிடத்தில் உங்களில் ஒருவர்கூட இரண்டாம் பக்கத்தைத் திருப்பவில்லை. அந்தக் கட்டத்தை நீக்கிவிட்டால் விண்ணப்பம் ஒரே பக்கத்தில் அடங்கும். பெற்றோருக்கு இரண்டு ரூபாய் மிச்சம். எனக்கு நஷ்டம்தான், பரவாயில்லை.

நீக்க மனமில்லையென்றால், படியுங்கள்.

கடைசியாகக் கோரிக்கை. அடுத்த ஊர் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் ஹிஸ்டரி குரூப் இருக்கிறது. வகுப்பில் பதினொரு பேர், மகள் பன்னிரண்டாவது. அவளது மாற்றுச் சான்றிதழைத் தாமதமின்றி வழங்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பயோ-மேத்ஸில் இனி ஏழு பேர் குறைவார்கள். அதற்காக உயிரியல் டீச்சரிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஜெராக்ஸ் கடைக்காரர்.

இணைப்பு: மதிப்பெண் சான்றிதழ் நகல் 1, விண்ணப்பத்தின் இரண்டாம் பக்க நகல் 1.

பின்குறிப்பு: பரிசாகத் தந்த டிபன் பாக்ஸைத் திருப்பி அனுப்புவதுதான் முறை என்று வீட்டில் பேச்சு வந்தது. சத்துணவு பத்தாம் வகுப்போடு சரி. காலை 7.35 டவுன் பஸ்ஸுக்கு மகள் சோறு கட்டிக்கொண்டு போகவேண்டும். அதனால் அனுப்பவில்லை.